சைரன்காரரின் மௌனம்

மார்ச் 3 — கேமரா, ஒலிப்பதிவு: 1,150
மார்ச் 20 — எடிட்டிங் முன்பணம்: 1,500
ஏப்ரல் 28 — எடிட்டிங் பாக்கி: 2,500
ஜூலை 2 — எடிட்டர் திருப்பிக் கட்டியது: 4,000

படக் கம்பெனியில் நான் கணக்கெழுதிய காலத்தில், வாங்கிய கூலியைத் திருப்பிக் கட்டியவர் ஒருவர்தான். அவரை எல்லோரும் எடிட்டரம்மா என்போம். அவர் இல்லாதபோது கத்திரி. கணவர் தையற்காரர். வீட்டில் இரண்டு பேருக்கும் வெட்டி ஒட்டுவதுதான் பிழைப்பு, அவர் வெட்டினால் சட்டையாவது மிஞ்சும் என்று அந்த அம்மாவே சொல்லிச் சிரிப்பார்.

மாடிப்படிக்கு அடியில் ஜன்னலில்லாத அறை அவருடையது. ஃபிலிம் துண்டுகள் கம்பியில் துணி காய்வதுபோலத் தொங்கும். வவுச்சரில் கையெழுத்து வாங்கப் போனால் உட்காரவைத்து எதையாவது காட்டுவார். ஒருமுறை, ஒருவன் கதவைச் சாத்தும் காட்சியை இரண்டு விதமாக ஓட்டினார். மெல்லிய சத்தம் வைத்தால் வீட்டில் யாரோ தூங்குவதுபோல் இருந்தது. அதே காட்சிக்குப் பெரிய சத்தம் வைத்ததும் அவன் கோபித்துக்கொண்டு போகிறான். "கதவு ஒண்ணுதான் கணக்கண்ணே, சத்தந்தான் சண்டை போடுது" என்றார்.

அந்த வருடம் நாங்கள் எடுத்தது வெள்ளத்தைப் பற்றிய படம். நீர்த்தேக்கத்தின் மதகைத் திறந்ததில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்து ஏழு பேர் இறந்திருந்தார்கள். திறக்குமுன் சைரன் அடிக்க வேண்டும். அடித்தாரா இல்லையா என்று சைரன்காரர்மீது விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை அவருக்கு.

அவரை நீர்த்தேக்கத்து மோட்டார் அறையில் உட்காரவைத்து டைரக்டர் அதே கேள்வியைக் கேட்டார். மின்சாரம் போயிருந்ததால் கைப்பிடியைச் சுற்றி மூன்று தடவை அடித்தேன், காற்று எதிர்ப்பக்கம் வீசியது என்று அவர் பதில் சொன்னார். சொல்லும்போது பக்கத்துச் சாலையில் லாரி ஒன்று போனது. பதில் முழுக்க அந்த இரைச்சலில் அமுங்கிப்போனதை ஊர் திரும்பிய பிறகுதான் கவனித்தார்கள்.

பேட்டி முடிந்தால் அறையின் வெறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் தனியாகப் பதிவார்கள். ஒட்டுப்போடும் இடங்களில் அது உதவும். அதுவரை யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. சைரன்காரரும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுருளில் மிச்சம் இருந்ததால் கேமராக்காரர் அதையும் ஓடவிட்டிருந்தார்.

எடிட்டரம்மா அந்தத் துண்டைக் கேள்விக்குப் பின்னால் ஒட்டினார். அதன்மேல், அவர் சொன்ன பதிலை வேறொரு குரலில் படித்துச் சேர்ப்பதாக ஏற்பாடு. டிவிக்காரர்கள் நீளத்தைக் குறைக்கச் சொன்னபோது டைரக்டர் அந்தக் குரலை எடுத்துவிட்டார். மௌனமே நன்றாக இருக்கிறது என்றார். மோட்டார் உறுமலை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். எடிட்டரம்மாவும் தலையாட்டினார். அந்த இடம் உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்தது.

முதல் காட்சியில் நானும் இருந்தேன். "சைரன் அடிச்சீங்களா?" என்று கேள்வி வந்தது. குனிந்த முகம், உறுமல். பிறகு பின்வரிசையில் ஒருவர், "பாவி, வாயத் திறக்கிறானா பாரு" என்றார். எடிட்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

படம் டிவியில் வந்த மறுநாள் சைரன்காரர் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. எடிட்டரம்மா தேடிக்கொண்டு போனார், துணைக்கு நான். சைரன்காரர் கோபப்படவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அசையாம உக்காருங்கன்னு சொன்னாங்க, உக்காந்தேன். வேற என்னம்மா செஞ்சேன்?" என்றார்.

ஏன் அப்பா பேசாமல் இருந்தீர்கள் என்று மகளே கேட்கிறாளாம். சொன்னால் நம்பவில்லை, கண்ணால் பார்த்தேனே என்கிறாளாம்.

கூலியைத் திருப்பிக் கட்டிய கையோடு எடிட்டரம்மா விசாரணை அதிகாரியின் அறைக்கு படம் போட்டுக் காட்டும் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார், கூட நானும். முதலில் அசல் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினார். லாரிதான் கேட்டது. அடுத்து, அதே குனிந்த முகத்தை வேறொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டிக் கொண்டுபோயிருந்தார்: "உங்க மனைவி இறந்து எத்தனை வருஷம் ஆச்சு?" அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. மனைவி உயிரோடு, நலமாக இருக்கிறார் என்று எடிட்டரம்மா சொன்னார். முகம் எதையும் சொல்லவில்லை, சொல்லவைத்தது தன் ஒட்டு என்று புரியவைப்பதுதான் அவர் எண்ணம்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு செய்யத் தெரிஞ்ச உங்களை, இப்ப மட்டும் எப்படிம்மா நம்புறது?"

எடிட்டரம்மா சுருளைக் கழற்றி உள்ளே வைத்தார். நான் பெட்டியை மூடினேன்.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. டிவி நிலையத்துக்கு எழுதினார். மறு ஒளிபரப்பு இல்லை என்று பதில் வந்தது. பத்திரிகைக்கு எழுதினார், பதிலே வரவில்லை. டைரக்டரிடம் சாட்சி சொல்ல வரச்சொல்லிக் கேட்டார். அந்தப் படத்துக்குப் பரிசு வந்திருக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கம்மா என்று அவர் வெளியூர் போய்விட்டார்.

கடைசியாக இலாகாவிலிருந்து கம்பெனிக்கு ஒரு நகல் வந்தது. படியிறங்கிப்போய் எடிட்டரம்மாவின் அறையில் நான்தான் படித்துக் காட்டினேன். படத்தில் நேரில் கேட்கப்பட்டபோது பதிலளிக்காமல் இருந்ததையும் கருத்தில் கொண்டு சைரன்காரர் பணிநீக்கம் செய்யப்படுகிறார், ஓய்வூதியம் இல்லை, இது இறுதி முடிவு என்று இருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கடிதம் வந்த தேதி நவம்பர் 9.