அழைக்காத வீட்டுக்கு ஒரு பெட்டி ரோல்ஸ்

ஓகஸ்ட் முதல் வாரத்தில் நானும் மகள் மிதுனாவும் டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் வைலேயிலிருந்து வடக்கே ஓல்போர்க்குக்குப் போனோம். ஊருக்குச் சொன்ன காரணம், அங்கே படிக்கப்போகும் அவளுக்கு அறை பார்ப்பது. என் மனதுக்குள் இருந்த காரணம் வேறு. அதற்குக் குற்றக்கதை பொட்காஸ்ட் என்று பெயர்.

முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது என் வேலை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கார் ஓட்டும் நேரத்தில் டெனிஷ் பழகலாம் என்றுதான் கேட்கத் தொடங்கினேன். டெனிஷ் வந்ததோ இல்லையோ, பைத்தியம் வந்துவிட்டது. அதிலும் கண்டுபிடிக்கப்படாத வழக்கென்றால் சோறு தண்ணி வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் புது மண்வெட்டி வாங்கினால், அவர் மனைவியைக் கண்ணால் காணும்வரை எனக்கு நிம்மதி இல்லை. "நான் செத்தால் முதல்ல உங்களைத்தான் பிடிப்பாங்கள், பார்த்து நடவுங்கோ" என்று கணவரை எச்சரித்து வைத்திருக்கிறேன். "நீ கதைக்கிற கதைக்கு நானே போய்ச் சரணடையிறன்" என்பார் அவர்.

ஆரம்பத்தில் மிதுனாவும் என்னோடு இருந்து கேட்டாள். விளங்காத சொல்லை நிறுத்தி நிறுத்திச் சொல்லித் தருவாள். பதினேழு வயதுப் பிள்ளை தாயோடு ஒரு மணி நேரம் ஒரே சோபாவில் இருப்பதென்றால் சும்மாவா? பிறகு ஒருநாள், "அவர்கள் உண்மையான மனிதர்கள் அம்மா, பொழுதுபோக்கு இல்லை" என்று டெனிஷில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் "சாப்பிட்டியா?", "ம்" என்பதோடு சரி.

நேரடி ரயில் இரண்டேகால் மணி நேரம். முன்கூட்டியே எடுத்ததால் டிக்கெட் ஒருவருக்கு 129 குரோனர். ஹோர்சன்ஸ் தாண்டியதும் மிதுனா காதிலிருந்ததைக் கழற்றினாள். அவளுடைய அறைக்கு வருவதென்றால் 'அவ்டேல' செய்துவிட்டுத்தான் வரவேண்டும், சும்மா வந்து கதவைத் தட்டக்கூடாது என்றாள். அவ்டேல என்றால் நாளும் நேரமும் பேசி ஒப்புக்கொள்வது. டென்மார்க்கில் பல் வைத்தியருக்கும் அதுதான், கூடப்பிறந்தவர்களுக்கும் அதுதான். "ஓம், சரி" என்றேன். பெற்ற பிள்ளையைப் பார்க்க நேரம் எடுக்க வேண்டுமா என்று அழுகை வந்தது. அந்தக் கதவு எனக்குப் பூட்டப்பட்டுவிடும் என்பதுதான் என் பயம்.

மாணவர் விடுதி துப்புரவாக இருந்தது. பொதுச் சமையலறை, தனிக் குளியலறை, யன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். பகல் பன்னிரண்டுக்குள் வேலை முடிந்தது. "கடல் பார்ப்பமே, பிள்ளை?" என்று மெல்லத் தொடங்கி, மேற்குக் கரைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஐம்பது கிலோமீற்றர், ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். வழியெல்லாம் பார்லி வயல்.

பாதி வழியில் உண்மையைச் சொன்னேன். நான் மூன்று தரம் கேட்ட பொட்காஸ்ட் தொடர், நாங்கள் இறங்கப்போகும் கடலோரக் கிராமத்தைப் பற்றியது. முப்பது வருடங்களுக்கு முன் ஓர் இளைஞன் நடன நிகழ்ச்சிக்குப் போனான், வீடு திரும்பவில்லை. அவனுடைய சைக்கிள் மட்டும் தேவாலயச் சுவரில் சாத்தியபடி நின்றது. அவ்வளவுதான், இன்றுவரை வேறொன்றும் தெரியாது. மிதுனா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இதற்காகவா என்னைக் கூட்டி வந்தீர்கள்?" என்று டெனிஷில் கேட்டுவிட்டு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சத்தியமாக, பஸ்ஸால் இறங்கி அந்தத் தேவாலயச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் என் எண்ணம். ஆனால் சுவருக்கு எதிர்வீட்டுத் தோட்டத்தில் ஓர் அம்மா அயல்வீட்டுக்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றார். குரலைக் கேட்டதும் கால் நின்றுவிட்டது. அந்தப் பையனின் அக்கா. யாரோ ஒரு கிழவரின் கட்டிலை நான் விரித்துக்கொண்டிருந்தபோது, பொட்காஸ்டில் என் காதுக்குள் அழுத குரல் அது. அவ்வளவையும் கேட்டுவிட்டு, கேளாதவள் மாதிரி வாசலைத் தாண்டிப் போக எனக்கு வரவில்லை. பையில் பயணத்துக்குச் சுட்ட மரக்கறி ரோல்ஸ் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. பிறந்தநாளுக்கும் பொருந்தும், துக்கத்துக்கும் பொருந்தும் பண்டம். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அயல்வீட்டுக்காரர் விலகியதும் படலையைத் திறந்து உள்ளே போய்விட்டேன்.

"அம்மா! நில்லுங்கோ!" என்று பின்னால் மிதுனா கத்தினாள்.

அந்த அம்மாவின் முகம் இறுகியது. "பொட்காஸ்டா?" என்றார். என் டெனிஷ் அந்த நேரம் பார்த்து என்னைக் கைவிட்டது. ஓம் என்று தலையாட்டிப் பெட்டியை நீட்டினேன். "நன்றி, வேண்டாம். தயவுசெய்து போய்விடுங்கள்." வெட்கத்தில் என் காது சுட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். பார்த்தால் மிதுனா படலைக்கு உள்ளே நிற்கிறாள்.

அவள் அழகான டெனிஷில் பேசினாள். "அம்மா படம் எடுக்க வரவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு சொல் இருக்கிறது. நல்ல காரியத்துக்கு அழைத்தால்தான் போகவேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போகவேண்டும். அம்மா உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டார். அதற்குமேல் அவரால் சும்மா இருக்க முடியாது. அது பிழை என்றால் நாங்கள் போகிறோம்."

அந்த அம்மா பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உள்ளே என்ன இருக்கிறது? உறைக்குமா?" என்றார்.

தோட்டத்து மேசையில் கோப்பி வந்தது. அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கக்கூடாது என்றார், நாங்கள் கேட்கவில்லை. தொடர் வந்த பிறகு நிறையப் பேர் வந்து சுவரைப் படம் எடுக்கிறார்களாம், படலையை மட்டும் ஒருவரும் திறப்பதில்லையாம். தம்பி சாப்பாட்டு மேசையில் ஒருநாளும் இருந்து சாப்பிட்டதில்லை, நின்றபடியே விழுங்குவான் என்று சொல்லிச் சிரித்தார். வீட்டுச் சுவரோரம் ஒரு பழைய நீலச் சைக்கிள் நின்றது. என் கண் அங்கே போனதைக் கண்டு, "அதேதான். பொலிஸ் திருப்பித் தந்தது. அதில்தான் கடைக்குப் போகிறேன்" என்றார். "ஓடாமல் வைத்தால் சங்கிலி துருப்பிடித்துவிடும். அவன் வந்து கேட்டால் என்ன சொல்வது?"

எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. மூன்றாவது ரோல்ஸையும் எடுத்துக் கடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் மிதுனா என் பக்கத்தில் வந்து இருந்தாள். அந்தச் சொல் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சொந்தக்காரருக்கு நீங்கள் போனில ஏசேக்க ஒவ்வொருக்காலும் அதைத்தானே சொல்லுறனீங்கள்" என்றாள், தமிழில். இருவரும் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயில் டிக்கெட்டை இரண்டு வாரம் முன்பே எடுங்கள். மேற்குக் கரையில் ஓகஸ்டிலும் காற்று தள்ளும், ஜக்கெட் இல்லாமல் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. கிராமத்தின் பெயரை நான் எழுதமாட்டேன், கேட்டு எழுதவும் வேண்டாம். பொட்காஸ்டை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது கேட்கும்போது கொலையாளி யார் என்பதைவிட, அந்த வீட்டில் இன்று யார் தனியாக இருக்கிறார்கள் என்றுதான் மனம் தேடுகிறது. எல்லோரும் என்னைப்போல் படலையைத் திறக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. எனக்கு மொழிபெயர்க்க மகள் இருந்தாள்.

இதை எழுதுவதும் ரயிலில்தான், அதே பாதையில். மிதுனா அங்கே குடிபோய் ஐந்து மாதம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் ஒழுங்காக அவ்டேல செய்துவிட்டுத்தான் போய் வந்தேன். இன்று காலை அவளே போன் எடுத்தாள். முதல் சோதனையில் இரண்டு பாடம் பெயிலாம், அறையை விட்டு வெளியே வர மனமில்லையாம். எல்லாவற்றையும் டெனிஷில் கொட்டினாள். எப்போது வரட்டும் என்று கேட்க வாயெடுத்தேன்.

"அம்மா," என்றாள் தமிழில், "இப்ப கேள்விப்பட்டிட்டீங்கள் தானே?"

ஹோர்சன்ஸ் தாண்டிவிட்டது. மடியில் பெட்டி இன்னும் சூடாக இருக்கிறது.