நூலுக்கு மேல் தைத்த தோல்

கார் ஸ்டியரிங்குக்குத் தோல் தைக்க வருகிறவர்கள் தோலைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. தங்கள் கையைப் பற்றித்தான் கதைப்பார்கள். "எனக்குக் கை வேர்க்கும் அக்கா, மனம் வேர்க்கிறேல்ல" என்றார் மீன் லொறி ஓட்டுகிற ஒருவர். "இந்த ஸ்டியரிங் எனக்கு மாமி வீடு மாதிரி, கையை எங்க வைச்சாலும் பிழை" என்றார் இன்னொருவர். நல்ல கதை காதில் விழுந்தால் எனக்கு விட மனம் வராது. அந்தந்தக் காருக்கு அளவெடுத்து வெட்டிய பிரவுண் பேப்பரின் ஓரத்திலேயே எழுதிவிடுவேன். துறைமுகப் பக்கத்தில் எங்கள் வீடு. வாசலில் பேப்பரை மறந்து வைத்தால் ஊருக்குள் திரிகிற மான் வந்து தின்றுவிடும். அளவு போனால் திரும்ப எடுக்கலாம். கதை போனால் போனதுதான்.

இந்த வேலையை எனக்கு யாரும் பழக்கவில்லை. பள்ளிக்கூடப் பை தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் யாரோ கழற்றி எறிந்த ஸ்டியரிங் உறை ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், பிரித்த வழியே திரும்பத் தைத்தேன். அப்படிப் பிடிபட்டதுதான். பிழைவிட்டு விளங்கிக்கொண்ட விசயம் ஒன்று இருக்கிறது: தையல் தோலின் இரண்டு ஓரத்தையும் சேர்க்கும், அவ்வளவுதான். தோலை ஸ்டியரிங்கோடு பிடித்து வைத்திருப்பது பசை. பசை பிடிக்காத இடத்தில் தோல் கையோடு சுழலும், ஸ்டியரிங் சுழலாது.

போன வருசம் ஒரு தகப்பனும் மகளும் பழைய வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மகளுக்குக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை. லைசென்ஸ் எடுத்து மூன்று மாதமும் ஆகவில்லை. தகப்பன் முப்பது வருசம் லொறி ஓட்டியவர். இப்போது கண் தெரிகிறது குறைவு, பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அடுத்த நாள் கண்டி ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண் கிளினிக். மகள் முதல்முறையாக அவ்வளவு தூரம் ஓடப்போகிறாள். ஸ்டியரிங்கின் பழைய உறை வெயிலில் இளகிக் கையில் ஒட்டியது. அதற்காகத்தான் வந்திருந்தார்கள். கியர்ப் பிடிக்கும் சேர்த்துத் தைக்கச் சொன்னார்கள்.

ஸ்டியரிங்கின் உச்சியில், பழைய உறை விலகியிருந்த இடத்தில், கோயில் நூல் ஒன்று கட்டியிருந்தது. கார் வாங்கிய அன்று காளி கோயிலில் பூசை செய்து கட்டினது. மஞ்சள் நிறம் போய்க் கறுத்திருந்தது.

"ஐயா, இதைக் கழட்டினாத்தான் தோல் இருக்கும்" என்றேன்.

"கழட்டினா நான் காரில ஏறமாட்டன், பிள்ளை."

"அப்பா ஏறாட்டி நான் ஆரைக் கொண்டு கண்டிக்குப் போறது? அந்த டொக்டர் என்ர கண்ணையோ பாக்கப்போறார்?" என்றாள் மகள். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, உள்ளுக்கையே இருக்கட்டும். மேலால தைக்க ஏலாதோ?" என்று கேட்டாள்.

ஏலாது என்று சொல்லியிருக்கவேண்டும். ஓம், தைக்கலாம் என்றேன். எனக்கும் அந்த நூலைத் தொடப் பயம்தான். கோயில் நூலில் கத்தி பட்டு, நாளைக்கு ஏதும் நடந்தால் யார் தலையில் விடியும்?

ஸ்டியரிங்கைக் கழற்றாமல் காருக்குள் இருந்துதான் தைப்பேன். கதவைத் திறந்துவிட்டு நான் ஓட்டுகிற ஆசனத்தில், அவர் எனக்குப் பக்கத்தில். மகள் வெளியே கதிரை போட்டு இருந்தாள். பழைய உறையை உரித்து, ஸ்பிரிட் துணியால் சுற்றிவரத் துடைத்தேன். நூல் இருந்த நாலு விரல் அகலத்தை மட்டும் துடைக்காமல் விட்டேன். அந்த இடம் மினுமினுத்தது. கை பட்டுப் பட்டு மினுங்குகிறதாக்கும் என்று நினைத்தேன். நூலின் மேடு வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று தோலின் இரண்டு முனையும் சேர்கிற மூட்டு அதே இடத்தில் விழும்படி வைத்தேன்.

நாலு மணித்தியாலம் அவர் வாய் மூடவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. மகளுக்கு ஓடப் பழக்கிய கதையைச் சொன்னார்.

"முதல் நாளே சொல்லிப்போட்டன் பிள்ளை. ஸ்டியரிங் பிடிக்கிறவன் சொல்லுறதுதான் சட்டம். பக்கத்தில இருக்கிறவன் மூட்டை. மூட்டை கதைக்கக்கூடாது."

"மூட்டை வாயை மூடினதை நான் ஒருநாளும் காணேல்ல அக்கா" என்றாள் மகள் வெளியிலிருந்து.

இன்னொன்றும் சொன்னார். அது எனக்கு மிகவும் பிடித்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பரில் எழுதிக்கொண்டேன்.

பின்னேரம் வேலை முடிந்தது. பார்க்க வடிவாக இருந்தது. மகள் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, "புதுக்கார் மாதிரி இருக்குது அக்கா" என்றாள். பசை மணம் போக ராத்திரி கார்க் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடும்படி சொன்னேன். பெரிய மனிசி மாதிரி ஒரு புத்தியும் சொன்னேன்: "தங்கச்சி, ஓடேக்க போனை மட்டும் எடுக்காதேங்கோ. அடிச்சாலும் அடிக்கட்டும்."

அடுத்த நாள் காலை ஆறேகால் இருக்கும். வாசலைக் கூட்டப் போனால் மான் ஒன்று முதல்நாள் பேப்பரை இழுத்துக்கொண்டிருந்தது. பறித்தேன். ஒரு மூலை போய்விட்டது, எழுத்து மிச்சம் இருந்தது. வாசித்தேன்.

"எஞ்சினுக்கு எண்ணெய் விடுறம், அம்மாளுக்கு ஒரு சொட்டு விடவேண்டாமோ?"

வெள்ளிக்கு வெள்ளி கோயில் விளக்கிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்துவந்து அந்த நூலில் தடவுவதாகச் சொல்லித்தான் அவர் அந்தக் கதையைச் சொன்னவர். நான் கதையை எழுதினேன். எண்ணெயைக் கவனியாமல் விட்டேன். உரித்துப்போட்ட பழைய உறையைக் குப்பையில் தேடி எடுத்துப் பார்த்தேன். உச்சிப் பக்கத்தின் உள்ளே எண்ணெய் ஊறிப் போயிருந்தது. எண்ணெயில் பசை பிடிக்காது. அந்த நாலு விரல் அகலத்தில் தோலைப் பிடித்திருப்பது என்னுடைய தையல் நூல் மட்டும்தான், அதுவும் மூட்டு விழுந்த இடத்தில்.

ஊருக்குள் மெதுவாக ஓடினால் தெரியாது. கந்தளாய் தாண்டினால் ஹபரணை வரைக்கும் காடு. யானை குறுக்கே வரும். யானையைக் கண்டால் புதுசாக ஓடுகிறவள் ஒரே இழுப்பாக இழுப்பாள். தோல் கையோடு வந்துவிடும். கார் நேரே போகும்.

மகளுக்குப் போன் எடுத்தேன். அடித்தது, அடித்தது, அவள் எடுக்கவில்லை. எட்டுத் தரம் அடித்துப் பார்த்தேன். எடுக்காதே என்று சொன்ன வாய் என்னுடையது. தகப்பனிடம் போன் இல்லை. ஆறு மணிக்கு வெளிக்கிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவளுடைய ஓட்டத்துக்குக் கந்தளாய்க்கு எப்படியும் ஒரு மணித்தியாலம் எடுக்கும்.

கந்தளாயில் வீதியோரம் தயிர்க் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவரின் வான் வண்டி ஸ்டியரிங்குக்குத் தோல் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு எடுத்தேன்.

"நானா, வெள்ளைக் கார் ஒண்டு வரும். மறிச்சு வைக்கவேணும்."

"காலங்காத்தால என்ன அக்கா இது. இந்த ரோட்டால போறது பாதி வெள்ளைக் கார்தானே."

"பொம்பிளைப் பிள்ளை ஓடும். பக்கத்தில கறுப்புக் கண்ணாடி போட்ட வயசாளி."

"என்ன, பிள்ளை ஓடிப்போகுதோ?"

"அவ போறது தகப்பனோட. நான் தைச்சது பிழைச்சுப்போச்சு நானா. காட்டுக்குள்ள போகவிடாதேங்கோ."

அதற்கு அவர் பகிடி விடவில்லை. "சரி, வாங்க" என்று வைத்துவிட்டார்.

ஊசி, மெழுகு நூல், பசை, ஸ்பிரிட், துணி எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கொழும்பு பஸ் நின்றது. ஏறினேன். இருக்க இடம் இருந்தும் நின்றுகொண்டேதான் போனேன். எதிரே அம்புலன்ஸ் ஒன்று வந்தது. அது கண்ணில் பட்டதிலிருந்து வீதியோரத்தில் கூட்டம் கூடி நிற்கிறதா என்று பார்ப்பதும், இல்லை என்று மூச்சு விடுவதுமாக இருந்தேன். பக்கத்தில் நின்ற மனிசி, "ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டா. "இல்லை, ஸ்டியரிங்" என்றேன். அவ அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

ஏழு மணிபோல நானா போன் எடுத்தார்.

"அக்கா, ஒரு கறுப்புக் கண்ணாடிய மறிச்சன். அது வேற ஆள். என்னை ஏசிப்போட்டு ரெண்டு சட்டி தயிர் வாங்கிட்டுப் போறார்."

"நானா, பகிடியை விடுங்கோ. அவை தாண்டிப் போயிட்டினமோ?"

"தெரியாது. நான் ரோட்டிலதான் நிக்கிறன்."

அந்தப் பதினைந்து நிமிசம் மாதிரி ஒரு பதினைந்து நிமிசம் எனக்கு வாழ்க்கையில் வரவில்லை. அவர்கள் ஆறு மணிக்கு முன்னமே வெளிக்கிட்டிருந்தால்? இந்நேரம் காட்டுக்குள் இருந்தால்? போன் திரும்ப அடித்தது.

"வந்திட்டாங்க. சட்டியத் தூக்கிக்கொண்டு நடு ரோட்டில நின்டன். பிள்ளை நல்லாத்தான் பிரேக் போடுது."

நான் போய் இறங்கும்போது தகப்பன் கடை வாசல் வாங்குப்பலகையில் இருந்து தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் காருக்குப் பக்கத்தில் முகம் வெளிறி நின்றாள். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ஸ்டியரிங்கின் உச்சியில் கை வைத்து முறுக்கிப் பார்க்கச் சொன்னேன். தோல் ஒரு விரல் தூரம் சறுக்கியது.

"அக்கா, வரேக்க ஒரு வளைவில இப்பிடித்தான்... நான் என்ர கைதான் வேர்க்குது எண்டு நினைச்சன்" என்றாள்.

இரண்டு பேருக்கும் உள்ளதைச் சொன்னேன். எண்ணெய் என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது ஐயா, புத்தியில் விழவில்லை. பயத்தில் துடைக்காமல் விட்டேன். இப்போது பிரித்துத் துடைக்கவேண்டும். நூலைக் கழற்றாமல் துடைக்க ஏலாது.

அவர் தயிர்க் கரண்டியை வைத்தார். "அது நடக்காது. நூலாலதான் இவ்வளவு தூரம் வந்தது. இல்லாட்டி உங்களுக்கு ஏன் இண்டைக்குக் காலமை நினைவு வரவேணும்?"

மகள் தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, பக்கத்தில இருக்கிறவர் என்னெண்டு சொன்னனீங்கள்?"

அவர் தயிர்ச் சட்டியைத் தள்ளி வைத்தார்.

"சொல்லுங்கோவன்."

"மூட்டை" என்றார், மெதுவாக.

"அப்ப ஓடுறவள் சொல்லுறன். நூல் கழரும்."

கறுப்புக் கண்ணாடி அவள் பக்கம் திரும்பியது. பிறகு எழுந்தார். கத்தி மட்டும் வேண்டாம், முடிச்சைத் தானே அவிழ்ப்பதாகச் சொன்னார். உச்சியில் என் தையலைப் பிரித்துத் தோலை விலக்கிக் கொடுத்தேன். கண் தெரியாவிட்டாலும் விரல் தேடிப் பிடித்தது. லொறியில் கயிறு கட்டிப் பழகின முடிச்சு. அரைவாசி எண்ணெயும் அரைவாசி அழுக்குமாக இறுகியிருந்தது. பத்து நிமிசம் எடுத்து அவிழ்த்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார்.

நான் துடைத்தேன். துணி மஞ்சளாக வந்தது. மஞ்சள் வராமல் போகும்வரை துடைத்தேன். பசை பூசி, காயவிட்டு, மூட்டுக்கு இரட்டைத் தையல் போட்டேன். முடிந்ததும் என் பலம் முழுக்கக் கொடுத்து முறுக்கினேன். நானா முறுக்கினார். மகள் முறுக்கினாள். அசையவில்லை. ஒரு மணிக்குத்தான் கிளினிக், நேரம் இருந்தது. வெயிலில் அரை மணித்தியாலம் காயவிட்டுத்தான் அனுப்பினேன்.

அவர்கள் போனபிறகும் நான் பஸ் ஏறவில்லை. ஏறினாலும் பாதி வழியில் இறங்கியிருப்பேன். நானா ஒரு ஸ்டூல் தந்தார். ஹபரணையிலிருந்து வருகிற வாகனங்களை மறித்து, "ரோட்டில கரைச்சல் ஒண்டும் இல்லையே?" என்று நாலு பேரிடம் அவரே கேட்டுச் சொன்னார். இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும் யானை நிற்கிறது என்றார். அதை ஏன் எனக்குச் சொன்னீர்கள் என்று நானாவை ஏசினேன்.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது.

"கண்டிக்கு வந்திட்டம் அக்கா. யானை கண்டனாங்கள். நிப்பாட்டிப்போட்டு, வெட்டித் திருப்பிப் பின்னால வந்து, அது போனாப் பிறகுதான் திரும்ப வெளிக்கிட்டனான். தோல் அசையேல்ல."

அவளுக்குப் பின்னால் தகப்பனின் குரல் கேட்டது: "மூட்டையைப் பத்திரமா இறக்கியாச்சு எண்டு சொல்லு."

எழுதிக்கொள்ள என்னிடம் பேப்பர் இல்லை. நானாவிடமும் கேட்கவில்லை. போனை மடியில் வைத்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தேன். இரண்டு உள்ளங்கையும் நனைந்துபோயிருந்தன.