அருளப்பன் சார் காட்டிய கால்

ஞாயிறு காலை, காஞ்சிபுரம் ஓரிக்கையில் என் வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, பேராசிரியர் அருளப்பனின் மனைவி ரோசி அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“சார் போயிட்டாரும்மா. காய்ச்சல்கூட இல்ல. நெஞ்சுல சளின்னாங்க, அதுக்குள்ள…”

வயதானவர்களுக்குக் காய்ச்சலே காட்டாமல் தொற்று முற்றிவிடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

நாங்கள் ஒரே கல்லூரியின் விலங்கியல் துறையில் வேலை பார்த்தோம். முதுமையில் புண்கள் ஏன் ஆறுவதில்லை என்பதுதான் அவருடைய ஆய்வு. தோலில் தங்கியிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள், காயம் பட்டதும் சர்க்கரையை வேகமாக எரித்துக் கிருமிகளோடு போராடும். பிறகு எரிக்கும் முறையை மாற்றிக்கொண்டு சதையைச் செப்பனிடும். வயதான எலிகளில் அந்த மாற்றம் தடுமாறுவதை அவர் பார்த்துவந்தார்.

“செல்லு சோம்பேறி ஆயிடலம்மா. சண்டைய நிறுத்திட்டு வேற வேலைக்குப் போவ அதுக்குத் தெம்பு இல்ல” என்பார்.

ஓய்வு பெறும் காலத்தில் அவர் எங்கும் ஷூவைக் கழற்றாமல் இருந்தார். என் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர், வாசலோடு வாழ்த்திவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினார். கர்வம் என்று பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

சில வாரங்களில் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை நோயாளியான அவர், பாதத்தில் வந்த புண்ணை மனைவியிடம்கூட மறைத்திருக்கிறார். மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக்கொண்டார்.

“வெக்கமா இருந்துச்சும்மா. எலிப் புண்ண அளந்துக்கினு இருந்தவன், எம்புண்ணே ஆறலன்னு யார் கிட்ட போய்ச் சொல்லுவேன்?”



அதன்பின் பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்களுக்காக நடந்த சர்க்கரை நோய் முகாமில் பேச அவரே கேட்டு வந்தார். முன்வரிசையில் ஓர் அம்மாள் பாதத்தைப் புடவைக்குள் இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டிருந்தார். அதைக் கவனித்த சார் பேச்சை நிறுத்திவிட்டு, எல்லோர் முன்னாலும் செயற்கைக் காலைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“மறைச்சு மறைச்சு நான் சம்பாதிச்சது இதான்மா. தறி மிதிக்கிற காலு உன்னுது. டாக்டர் கிட்ட காட்டிடு.”

அந்த அம்மாள் அழுதபடியே காட்டினார். அவருடைய கால் தப்பியது.

அடக்கத்தன்று உறவினர்கள் சாருக்குச் செயற்கைக் காலை மாட்டி, சாக்ஸும் போட்டு வைத்திருந்தார்கள். ரோசி அக்கா குனிந்து பார்த்தார்.

“கழட்டிடுங்க. அவரே வெக்கத்த விட்டுட்டுப் போயிட்டாரு. நமக்கு என்னா வெக்கம்?”

கழற்றினார்கள். சவப்பெட்டிக்குள் ஒரு பாதத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி மட்டும் தட்டையாகக் கிடந்தது. நான் தலை குனிந்துதான் நின்றேன்.

போய் வாருங்கள், சார். அன்று என் வாசலில் நின்ற உங்களிடம், “கால்ல என்ன சார்?” என்று நான் கேட்டிருக்க வேண்டும்.