கிரகணம் பிடிக்காத நட்சத்திரம்

லோயிஸுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். தப்பு என்று பட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. ஞாயிறு பள்ளியில் நோவா கதை நடக்கும்போது, "மீனை எதுக்கு சார் பேழையில ஏத்தணும்? அது பாட்டுக்கு நீந்தாதா?" என்று கேட்டுவிட்டு பெஞ்சின் மேல் நின்றவள். அப்பா ஏனோக் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், தெலுங்குச் சீமைக்கு வந்து லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த கார்டு. "எம் மவ வாய்க்கு எக்ஸ்பிரஸ் வண்டியே ஒதுங்கி நிக்கும்" என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார். பேசிக் கெடுத்தது அவர்தான், வேறு யார்!

1983-இல் லோயிஸுக்கு முப்பத்திரண்டு வயது. ஹப்சிகுடாவில் வாடகை வீடு. கணவன் எட்வர்ட் சனத்நகரில் ஒரு மெஷின் கம்பெனியில் போர்மேன். காலையில் காலேஜில் பாடம் நடத்துவாள். மத்தியானம் தார்நாகா பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் பட்டத்துக்கு உழைப்பாள். ஐந்து வருஷ உழைப்பு. கைடு பேராசிரியர் ரகுநாதன். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்.

அவள் எடுத்துக்கொண்டது ஒரு ஜோடி நட்சத்திரம். இரண்டும் ஒன்றையொன்று சுற்றும். ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் குறையும். அதையும் கிரகணம் என்றுதான் சொல்வார்கள். அந்த ஜோடியைச் சுற்றிச் சூடான வாயு வளையம் ஒன்று இருக்கிறது என்று ரகுநாதன் இருபது வருஷமாகச் சாதித்துக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள், நம்பவில்லை. வளையம் இருந்தால் புற ஊதா ஒளியில்தான் தெரியும். அந்த ஒளியை நம் காற்று கீழே இறங்க விடாது. அதற்காகவே வெளிநாட்டார் தொலைநோக்கியோடு ஒரு செயற்கைக்கோளை மேலே விட்டிருந்தார்கள். எந்த நாட்டுக்காரரும் நேரம் கேட்கலாம். லோயிஸ் கேட்டாள், கிடைத்தது. பார்த்ததையெல்லாம் காந்த நாடாவில் ஏற்றி அனுப்பினார்கள்.

கிரகணம் நடக்கவேண்டிய நேரத்தில் வெளிச்சம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை!

ரகுநாதன் குதித்தே விட்டார். "பாத்தியா! நட்சத்திரம் மறைஞ்சாலும் வளையம் எரியறது. நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினது இதைத்தானே!" அன்று கூடத்தில் எல்லோருக்கும் இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் அவர் செலவு. அந்த வருஷ வானியல் மாநாடு அவர்கள் கூடத்திலேயே நடப்பதாக இருந்தது. அதில் அவர் பேசுவார், கையோடு லோயிஸின் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார் என்று முடிவாயிற்று.

மாநாட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஏதோ போட்டோத் தட்டு எடுக்க லோயிஸ் பட்டப்பகலில் தொலைநோக்கி இருக்கும் டோமுக்குப் போனாள். சுவரில் ஒட்டியிருந்த பழைய அட்டவணை கண்ணில் பட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

பூமி தன் அச்சில் பம்பரம் மாதிரி மெல்லத் தலையாட்டுகிறது. அதனால் நட்சத்திரங்களின் இடக் கணக்கு வருஷா வருஷம் கொஞ்சம் நகரும். கூடத்தில் இருந்த நட்சத்திரக் கேட்லாக்கோ 1900-ஆம் வருஷத்துக் கணக்கு. ஆராய்ச்சி செய்பவர்கள் அந்தப் பழைய இடத்தையே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். டோமில் இருக்கும் வேணுகோபால் சுவர் அட்டவணையைப் பார்த்துத் திருத்தம் போட்டுத் தொலைநோக்கியைத் திருப்புவார். அங்கே அதுதான் வழக்கம். திருத்தம் போடுவது தன் வேலை என்று வேறு யாருக்கும் தோன்றியதே இல்லை. செயற்கைக்கோளுக்கு விண்ணப்பம் எழுதும்போதும் லோயிஸின் கை அதே பழக்கத்தில் பழைய இடத்தையே எழுதிவிட்டது. ரகுநாதன் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கூடத்தில் வேணுகோபால் இருந்தார், சரி. வானத்தில் சுத்துகிற செயற்கைக்கோளுக்கு ஏது வேணுகோபால்?

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். சந்தேகமே இல்லை. அந்தப் பழைய இடத்திலும் ஏறக்குறைய அதே பிரகாசத்தில் வேறொரு நட்சத்திரம் உட்கார்ந்திருந்தது. தனிக்கட்டை, ஜோடி கிடையாது. அதற்குக் கிரகணம் எங்கிருந்து பிடிக்கும்!

நேரே ரகுநாதன் அறைக்குப் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"மேல ஏறிப் போய் யாரும் பாக்கப்போறதில்லை. இடத்தை எழுதினது நீ. தப்பு உன்னுது."

"ஆமா சார், என் தப்புதான். அதனாலதான் நான் சொல்லணும்."

"வாயைத் திறந்தா என் கையெழுத்து கிடையாது. அஞ்சு வருஷம் ஆத்தோட போயிடும். யோசிச்சுக்கோ."

"தப்புல என் பேர் இருக்கட்டும் சார். பொய்யில வேண்டாம்."

சொல்லிவிட்டாளே ஒழிய, வெளியே வந்ததும் மனசு கணக்குப் போட்டது. ஐந்து வருஷம் சும்மாவா? எத்தனை கல்யாணம், எத்தனை கிறிஸ்துமஸ் அதில் போயிருக்கிறது! வீட்டில் கருவாட்டுக் குழம்பை ஊற்றும்போதே எட்வர்டிடம் கொட்டினாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏ பிள்ள, என்னத்துக்கு இந்த வம்பு? வானத்துல கெடக்குத நட்சத்திரத்துக்கா நீ வரிஞ்சு கட்டுத?" என்றான்.

"அது எறங்கி வந்து, 'நான் அவன் இல்ல'ன்னு சொல்லுமா? நான்தான் சொல்லணும். நீங்க கடைஞ்ச பல்சக்கரம் அளவு தப்பிட்டுன்னா, பெயிண்ட அடிச்சு அனுப்பிருவீகளோ?"

எட்வர்ட் கையை நிறுத்தினான். "அனுப்பமாட்டேன். ஸ்கிராப்புல போட்டுருவேன்."

"பொறவு?"

"பொறவென்ன, மொதல்ல இருந்து கடையணும்."

"அதான்" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மாநாட்டில் மண்டபம் நிறைந்திருந்தது. ரகுநாதன் வெளிச்சத்திரையில் படத்தைப் போட்டு, என் மாணவி லோயிஸ் என்று பேரையும் சொன்னார். பாவி மனுஷன், பாராட்டி வாயை அடைக்கப் பார்த்தார். கல்கத்தாக்காரர் ஒருவர், இதற்கு வேறு விளக்கம் இருக்க முடியுமா என்று கேட்டார். இடமே இல்லை என்றார் ரகுநாதன்.

"இருக்கு சார்" என்று எழுந்தாள் லோயிஸ்.

ரகுநாதன் உட்காரும்படி கையைக் காட்டினார். உட்காரவில்லை. "செயற்கைக்கோள் பார்த்தது எங்கள் நட்சத்திரத்தையே இல்லை. திருத்தம் போடாமல் இடத்தைத் தப்பாக எழுதியவள் நான். கையெழுத்துப் போட்டவர் மேடையில் இருக்கிறார். வளையம் இருக்கிறதா இல்லையா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது" என்று மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொல்லி முடித்த பிறகே உட்கார்ந்தாள். மனசு லேசாகிவிட்டது. அது பொய்யில்லை.

அடுத்த வாரமே அவள் மேஜை அறையிலிருந்து வராந்தாவுக்கு வந்தது. கூட ஆராய்ச்சி செய்தவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். "குருவை நாலு பேர் நடுவுல கவுத்தவ" என்று பேர் கட்டினார்கள். கட்டட்டும்! லோயிஸ் வராந்தா மேஜையிலேயே புதிய விண்ணப்பம் எழுதினாள். போன தடவை செய்த தப்பை முதல் வரியிலேயே போட்டாள். ஒரு தடவை கோட்டைவிட்டவளுக்கு மறுபடி எவன் கொடுப்பான் என்று சிரித்தார்கள். கேட்டதில் பாதி நேரம் கிடைத்தது. திருத்தத்தை அவளே போட்டாள். கணக்கை எட்வர்ட் சரிபார்த்தான். வேறொரு பேராசிரியர் அவளை ஏற்றுக்கொண்டார், ஆனால் ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டும் என்றார். சரி என்றாள்.

நாடா வந்து, கணினி மையத்தில் அதைப் படித்து முடித்த அன்று மாலை, எட்வர்ட் மையத்தின் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றான். உள்ளேயிருந்து லோயிஸ் ஓடிவந்தாள்.

"விழுந்துட்டு! விழுந்துட்டு!"

காவல்காரர் பதறி எழுந்தார். "எவரு படிபோயாரம்மா?" என்று, விழுந்தது யார் எனத் தெலுங்கில் கேட்டார்.

"வெளிச்சம்! கிரகணம் பிடிச்சிட்டு!" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எழும்பினால் சந்தோஷப்படுவது உலகம். விழுந்ததற்கு ஆனந்தக் கண்ணீர் விட்டவள் இவள் ஒருத்திதான்.

மறுநாள் ரகுநாதன் அறைக்குள் போய், கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரைபடத்தை அவர் முன்னால் விரித்தாள்.

"இதுதான் சார் நம்ம நட்சத்திரம்."

அவர் விரல் கோட்டின் மேல் மெல்லப் போனது. பள்ளம் விழுந்த இடத்தில் நின்றது.

"வளையம்?"

"இல்ல சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையெழுத்துக்கு வந்தியா?"

"இல்ல சார். காட்டத்தான் வந்தேன்."

படத்தை அவரிடமே விட்டுவிட்டு எழுந்தாள். வெளியே போகும்போது கதவைச் சாத்தவில்லை.