பூனைக்குத் தைத்த சட்டை

திண்டுக்கல்லில் நான் தையல் கடை வைத்திருந்தபோது குடியிருந்தது ஒரு வளவில். ஒரே முற்றம், ஒரே குழாய், சுற்றி ஐந்து வீடுகள். எனக்கு அடுத்த வீட்டில் ஒரு டீச்சரம்மா இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், தனி ஆள். சக்கரை வியாதிக்காரர். தினம் காலையில் ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்துத் தானே தொடையில் குத்திக்கொள்வார். அவரோடு ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனையும் இருந்தது, எட்டு வயது. பள்ளிக்கூடத்தை விட்டபின் அவர் குரல் கேட்டதெல்லாம் அந்தப் பூனையிடம் பேசும்போதுதான். காலையில் பால்சோறு, சாயங்காலம் சீனி தொட்ட பன், இரண்டிலும் அதற்குப் பங்கு உண்டு.

ஒரு கார்த்திகை மாதம் பூனைக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. முதுகெல்லாம் பொடுகு. கழுத்தில் சொறிந்து சொறிந்து புண்ணாகி நீர் வடிந்தது. அதே சமயத்தில் எதிர்வீட்டு அக்காவின் பிள்ளைக்கும் கையில் சொறி வந்துவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் பேட்டையில் மூட்டை தூக்குகிறவர். அக்கா பேசினால் ஐந்து வீட்டுக்கும் கேட்கும்.

"இந்தா பாருங்க டீச்சர், மாசி முடியுறவரைக்கும் பாப்பேன். அம்புட்டுதான். புண்ணு ஆறலைன்னா சாக்குல கட்டி ரெட்டியார்சத்திரத்துக்கு அங்கிட்டு விட்டுட்டு வந்துருவேன். பெறகு வருத்தப்படக் கூடாது."

டீச்சரம்மா பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா சொன்னதைச் செய்கிறவர் என்று வளவில் எல்லோருக்கும் தெரியும். சாக்கு அன்றைக்கே அவர் வீட்டுக் கொடியில் தொங்கியது.

பூனைக்கு என்ன வியாதி என்று முதலில் சொன்னது எறும்புதான். முற்றத்து மூலையில் ஒரு மணல் குவியல் இருந்தது. பூனை அங்கேதான் ஒதுங்கும். அந்த இடத்தில் எறும்பு வரிசை கட்டி நின்றதை டீச்சரம்மா பார்த்தார். "எனக்கும் இப்படித்தான் தம்பி தெரிஞ்சது" என்று என்னிடம் சொன்னார். மறுநாள் மணல்மேல் ஒரு எனாமல் தட்டை வைத்துப் பூனையின் மூத்திரம் கொஞ்சம் பிடித்தார். தனக்குச் சக்கரை சோதித்துப் பார்க்கும் நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சக்கரை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் என் கடை வாடிக்கைக்காரர். அவரைக் கூட்டிவந்தேன். பூனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, நான் பாக்குறது மாடு. எங்கிட்ட இருக்குற ஊசி இந்தப் பூனை நீளம் இருக்கும்."

"என் மருந்தையே கொஞ்சம் போடலாமா?"

"வேணாங்க. அளவு ஒரு நூல் தப்புனாலும் சுருண்டு விழுந்துரும். மொதல்ல சோறு, பாலு, பன்னு எல்லாத்தையும் நிறுத்துங்க. மீனு, கறின்னு கவுச்சி மட்டும் குடுங்க. ரத்தத்துல சக்கரை கெடக்குற வரைக்கும் நீங்க எத்தைப் பூசுனாலும் புண்ணு ஆறாது."

வேப்பெண்ணெய் பூசலாம் என்று வளவே சொல்லிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் கையை எடுத்துக் கும்பிட்டார். "பூசுறதை எல்லாம் நக்கித் தின்னுரும். மேலுக்குப் பூசுனது வயித்துக்குப் போயிரும். உப்புப் போட்டுக் கொதிக்கவச்சு ஆறுன தண்ணி போதும். தொடைச்சு நல்லா ஈரம் போகத் துவட்டுங்க."

புண்ணைச் சுற்றி முடி வெட்டும் வேலை எனக்கு வந்தது. துணி வெட்டும் கத்தரியால் நாங்கள் காகிதம்கூட வெட்டமாட்டோம், முனை மழுங்கிவிடும். பொத்தானுக்குக் காஜா துளை பிரிக்கும் சின்னக் கத்தரியைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அது பூனைக்கத்தரி என்றே ஆகிவிட்டது.

காலால் பிறாண்டாமல் இருக்கச் சட்டை ஒன்று தைத்தேன். டேப் வைத்துக் கழுத்து, மார்பு, முன்னங்கால் எல்லாம் அளந்தேன். அளவெடுத்த வாடிக்கைக்காரர்களில் கடித்தது அது ஒன்றுதான். கெட்டியாக இருக்கட்டும் என்று காடாத் துணியில் தைத்ததுதான் தப்பு. நாலே நாளில் உள்ளே வேர்த்துப் புழுங்கிப் புண் பெரிதாகிவிட்டது. "கோணிப்பை மாதிரி தச்சிருக்கியேப்பா, காத்துப் பட வேணாமா?" என்றார் கம்பவுண்டர். பிறகு மெல்லிய மல் துணியில், முதுகு திறந்து, கழுத்தில் மட்டும் பட்டையாக வைத்துத் தைத்தேன். பகலில் டீச்சரம்மா பக்கத்தில் இருக்கும்போது அவிழ்த்துவிடுவார்.

மார்கழி முழுக்கக் கருவாடு கிடையாது. உப்பில்லாமல் வேகவைத்த மீனும் ஆட்டு ஈரலும்தான். தை பிறந்தபோது புண்ணில் பக்குக் கட்டியிருந்தது. நீல மருந்து பச்சையோடு நின்றது. கொடியில் தொங்கிய சாக்கைப் பார்த்து டீச்சரம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

தைப்பூசம் முடிந்து பத்து நாளில் எல்லாம் திரும்பியது. பக்கு உதிர்ந்து புண் நீர் விட்டது. மருந்து மறுபடி செங்கல் நிறம். டீச்சரம்மா திருட்டுத்தனமாகப் பால் ஊற்றியிருப்பார் என்று நான் நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. மாசி முடிய மூன்று வாரம் இருந்தது.

சட்டையை மாற்றித் துவைக்கும்போதுதான் பார்த்தேன். கழுத்துப் பட்டையின் முன்பக்கம் கஞ்சி போட்டது போல விறைப்பாக இருந்தது. முகர்ந்தால் வாழைப்பழம், வெல்லம், ஏலக்காய். பழனிப் பஞ்சாமிர்தம் என்று சொல்ல வேறு யாரும் வேண்டியதில்லை. பழனிக்கு நடந்துபோய் வந்தது வளவில் அக்காவின் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

குழாயடியில் அக்காவைக் கேட்டேன். "பூனைக்கு ஏதும் தின்னக் குடுத்தீங்களாக்கா?"

"நான் எதுக்குத் தம்பி குடுக்கப்போறேன்? நீங்கதான் பட்டினி போட்டுக் கொல்றீங்க."

"பஞ்சாமிர்தம்?"

"அது பிரசாதம்ல! அதெப்பிடித் தின்னதுல சேரும்?"

டீச்சரம்மா வாசலுக்கு வந்து நின்றார். அக்கா குடத்தை இறக்கி வைத்தார். குரலும் இறங்கியது.

"தெனம் ஒரு கரண்டி. மாசிக்குள்ள ஆறிரணும் முருகான்னு சொல்லித்தான் வச்சேன். நான் பாட்டுக்குச் சாக்குன்னு ஒரு பேச்சுப் பேசிட்டேன். ஆறலைன்னா நாந்தானே கொண்டுபோய் விடணும்?"



"எனக்கும்தான் தினம் கிண்ணத்துல கொடுத்துவிட்டே" என்றார் டீச்சரம்மா. "எனக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டியா?"

"அதையும் தின்னீங்களா?"

"பிரசாதம்னு கொடுத்தா வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

அன்று சாயங்காலம் பூனையைப் பார்க்க வந்த கம்பவுண்டரிடம் அக்கா தன் வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திருநீறு நக்குனா ஏதும் ஆகுமாய்யா?"

"நெத்தியில வச்சா ஒண்ணும் ஆகாது. அங்க அதுக்கு நாக்கு எட்டாது."

அதிலிருந்து வேதக்கார வீட்டுப் பூனை நெற்றியில் திருநீற்றோடு திரிந்தது. மாசி போய்ப் பங்குனியும் முடிகிற சமயத்தில்தான் புண் மூடியது. கெடு முடிந்த பேச்சை யாரும் எடுக்கவில்லை. சாக்கைக் கொடியிலிருந்து எடுத்து, இரண்டாக மடித்து, டீச்சரம்மா வீட்டுக் கதவோரம் போட்டார் அக்கா. பூனை அதில் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு பூனை இரண்டு வருஷம் இருந்தது. கழுத்தில் காலணா அளவுக்கு மட்டும் முடி முளைக்கவேயில்லை. மழைக்காலத்தில் புண் எட்டிப் பார்க்கும், உப்புத் தண்ணீரும் மல் சட்டையும் திரும்ப வெளியே வரும். மணலைப் பார்க்கிற வேலையை அக்கா தானாகவே எடுத்துக்கொண்டார். விடிந்ததும் மூலையில் குனிந்து பார்த்துவிட்டு, ஐந்து வீட்டுக்கும் கேட்கும்படி கத்துவார்:

"இன்னைக்கு எறும்பு இல்லை டீச்சர்!"