ஜனாதிபதி மாளிகையில் பன்னிரண்டு நாற்காலிகள்

குஷன் வேலைக்காரனுக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது நாற்காலியின் கிழிசல்தான். இந்தத் தொழிலில் முதுகு ஒடிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பூரிலிருந்து நானும் பஷீர் பாயும் டெல்லி ஜனாதிபதி மாளிகைக்குப் போனதும் கிழிந்த நாற்காலிகளுக்குத் தோல் மாற்றத்தான்.

வாசலில்

பையைக் கொட்டச் சொன்னார்கள். தோல் சீவும் கத்தி, கோணூசி, சுத்தியல். பார்த்தவர்கள் முகம் மாறிவிட்டது. அரை மணி நேரம் விசாரணை. கடைசியில் தமிழ் பேசும் காவலர் ஒருவர் வந்தார், குடியாத்தத்துக்காரர். கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, உள்ள யாரு கேட்டாலும் மொதல்ல நாற்காலியக் காட்டுங்க, அப்பறம் கத்தியக் காட்டுங்க."

பெரிய படுக்கையறை

எங்களுக்கு மேற்பார்வை சர்மாஜி. நடந்துகொண்டே சரித்திரம் சொன்னார். பாய் உருதுவில் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார். வைஸ்ராய்க்காகக் கட்டிய மாளிகை, முந்நூற்று நாற்பது அறை. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் இந்திய கவர்னர் ஜெனரல் குடிவந்தார். வைஸ்ராயின் படுக்கையறை தனக்கு ரொம்பப் பெரிது என்று சின்ன அறைக்கு மாறிக்கொண்டாராம்.

பாய் வீட்டில் இரண்டு அறை, ஒன்பது பேர். பெருமூச்சு விட்டார்:

"ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா எங்களக் கூப்ட்டிருக்கலாமே!"

சீமைத் தோல்

நாங்கள் கொண்டுபோன தோலைத் தடவிப் பார்த்த சர்மாஜி உதட்டைப் பிதுக்கினார். பழையது லண்டன் தோலாம், ஆம்பூர்த் தோல் அதற்கு ஈடாகாதாம். வேலையே கைநழுவும் போலிருந்தது. பாய் பதறவில்லை. பழைய தோலில் ஒரு துண்டை உரித்து, பின்பக்கத்தை முகர்ந்தார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்! அந்தக் காலத்தில் நம் பக்கத்திலிருந்து பாதி பதனிட்டுக் கப்பலில் அனுப்புவார்களே, அந்தச் சரக்கு. சர்மாஜியிடம் துண்டை நீட்டினார்:

"இது நம்மூரு ஆடுதான் சாப், லண்டனுக்குப் போய்ட்டு வந்துருக்கு, அவ்ளோதான்."

சோதனை

வேலை முடிந்தது. ஸ்பிரிங் சத்தம் போடுகிறதா என்று ஆள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது என்றார் சர்மாஜி. "விருந்தாளியா வர்ற ராஜா உட்காரும்போது கிறீச்சுன்னா?" என்று கேட்டார் பாய். சர்மாஜி யோசித்தார். முப்பது வருடமாக அங்கே வேலை பார்த்தவர், ஒரு நாளும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்ததில்லை. போய்க் கதவைச் சாத்தினார். மெல்ல உட்கார்ந்தார். கைகளை இரண்டு பக்கமும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார்.

"சத்தம் ஒண்ணும் வரல," என்றார். "எதுக்கும் மிச்சம் பதினொண்ணையும் நானே பாத்துடறேன்."

பன்னிரண்டு நாற்காலிக்கும் தோல் மாற்றிவிட்டு வந்தோம், ஊரில் இன்றுவரை எல்லாரும் கேட்பதோ, "ஜனாதிபதியோட போட்டோ எடுத்தீங்களா?" என்பது மட்டும்தான்.