தும்புப் பந்து

எங்கள் ஊர் விளையாட்டுத் திடலின் வடகோடியில் ஒரு வேம்பு நிற்கிறது. அதன் தாழ்ந்த கிளையில், அண்மைக்காலம் வரை ஒரு தோற்பந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. போர்க்காலத்தில் குடாநாட்டுக்குள் புதிய பந்து எதுவும் வராதிருந்தபோது, காற்றுப்பை கிழிந்த பழைய பந்தொன்றைப் பிரித்து, உள்ளே தேங்காய் நாரான தும்பைத் திணித்துத் தைத்து அங்கே கட்டினார்கள், தலையால் அடித்துப் பழகுவதற்காக. போர் முடிந்து நல்ல பந்துகள் கடைகளுக்கு வந்த பின்னும் அதனை எவரும் அவிழ்க்கவில்லை. தோல் நைந்தபோது வேறு தோல் போர்த்தினார்கள். உதைபந்தாட்டக் கழகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளை, திடலில் கால் வைக்குமுன் அதனை நெற்றியால் அடித்தாக வேண்டும். அடித்தபின் நெற்றியைத் தடவிவிட்டால் தொலைந்தான். "என்னடா, மண்டை வாழைத்தண்டோ?" என்ற கேலி அந்தப் பருவம் முழுவதும் அவனைப் பின்தொடரும்.

அந்தப் பந்தைத் தைத்துக் கட்டியவன் என் தம்பி.

அவன் எனக்கு மிகவும் இளையவன். நான் உடுவில் பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியையாகச் சேர்ந்தபோது அவனுக்குப் பாற்பற்கள் விழுந்திருக்கவில்லை. பின்னாளில், மாலை வேளையில் மிதிவண்டியில் திடலைக் கடக்கையில், வேம்பின் கீழ் அவன் தனியே எழும்பி எழும்பி அடித்துக்கொண்டிருப்பதைக் காண்பேன். தும்புப் பந்து நெற்றியில் மோதும் ஓசை, முற்றிய தேங்காய் ஈரமண்ணில் விழுவதை ஒத்திருக்கும். உதைபந்தாட்டத்தில் அவனுக்குப் பின்வரிசைக் காவல். எதிரணியின் கோல் காப்பாளர் வானளாவ உதைத்த பந்தை, ஓரடியும் பின்வாங்காமல் தலையால் திருப்பியனுப்புவான். மாரியில் தோற்பந்து நீரை உறிஞ்சிக் கனத்துப்போகும். அதையும் தலையாலேயே அடித்தான்.

ஒருமுறை எதிரணியாளன் ஒருவனின் மண்டையோடு மோதி விழுந்தான். தலையில் ஒரு போத்தல் சோடாவை ஊற்றி எழுப்பி மீண்டும் ஆடவிட்டார்கள். அன்று வீடு வந்து வாந்தி எடுத்தான். வெயிற்சூடு என்று முடிவுசெய்து, எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், தேய்த்துத் தலை முழுகவைத்தோம். இந்தப் பகுதியில் தலையைப் பற்றிய எந்த முறைப்பாட்டுக்கும் தேசிக்காய்தான் மருந்து. மறுநாளும் அவன் வேம்பின் கீழ் நின்றான்.

அவனுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், மருதனார்மடச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோனவன், மிதிவண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பினான். "ஆரோ களவெடுத்திட்டாங்கள்" என்றான். சந்தை வாசலில், அவன் சாத்திய இடத்திலேயே அது நின்றது. பிறகு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கலானான். இறைப்பு இயந்திரத்தைத் தொடக்கிவிட்டு, எந்த வாய்க்காலைத் திருப்புவது என்று தெரியாமல் தோட்டத்தின் நடுவே நின்றான்.

"உந்த வயசிலை அறளை பேந்திட்டுதோ?" என்று ஊரார் கேட்டார்கள். அறளை பெயர்தல் என்பது, எண்பது கடந்தவர்கள் நிலைமாறிப் பேசுவதற்கு எங்களிடம் உள்ள சொல். தோட்டம் கொத்துகிற வயதில் ஒருவனுக்கு அது நேர்ந்தால் என்னவென்று சொல்வது என எவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நகரத்து மருத்துவமனையில், படங்களும் சோதனைகளும் முடிந்தபின், இளம் மருத்துவர் ஒருவர் என்னையும் தம்பியின் மனைவியையும் இருத்திப் பேசினார். இளவயதிலேயே தொடங்கும் மறதிநோய் என்றார். தம்பி பந்தாடிய காலத்தைப் பற்றிக் கேட்டறிந்தார். அவர் பேசும்போது நான் அவருடைய மேசையிலிருந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது விளிம்பில் கடிபட்டிருந்தது.

"இவர் பந்தடிச்சதுதான் காரணம் எண்டு நான் அடிச்சுச் சொல்லமாட்டன், அம்மா. ஆனால் கனகாலம் பந்தைத் தலையாலை அடிச்சவைக்கு உந்த வருத்தம் வாற வாய்ப்புக் கூட. ஒவ்வொரு அடியும் சின்னன்தான். சேரச் சேரத்தான் பிழை."

இனிச் செய்யக்கூடியது என்னவென்று கேட்டேன். குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்கவேண்டும், சுருட்டை நிறுத்தவேண்டும், நடக்கவேண்டும், நாலு பேரோடு கதைத்துப் பழகவேண்டும் என்றார். பிறகு, "சின்னப் பிள்ளையளைத் தலையாலை அடிக்க விடாதேங்கோ. பெரிய ஆக்களும் பயிற்சியிலை குறைக்கவேணும். தலையிலை பலமா அடிபட்டால் அண்டைக்கு விளையாட்டு முடிஞ்சுது. சோடா ஊத்தி எழுப்பிற வேலை வேண்டாம்" என்றார். சோடாவைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கழகத் தலைவர் தம்பியோடு ஆடியவர். வேம்பின் கீழேயே அவரிடம் பேசினேன்.

"ரீச்சர், நாங்களும் உந்தப் பந்திலை அடிச்சனாங்கள்தானே? எங்களுக்கு ஒண்டும் இல்லையே."

"மழையிலை நனைஞ்ச எல்லாருக்கும் காய்ச்சல் வாறதில்லை. அதுக்காகப் பிள்ளையளை மழையிலை விடுறனீங்களோ?"

அவர் பந்தைக் கையால் மெல்லத் தள்ளிவிட்டார். அது போய்த் திரும்பி வந்தது. "சரி, கழட்டுவம்" என்றார். "ஆனால் உவனுக்கு ஆர் சொல்லுறது?"

அதுதான் சிக்கல். நாள்தோறும் மாலையில் சிறுவர்க்குத் தலையடி பழக்குவது தம்பியே. தன் தோட்டத்திலேயே வழி தடுமாறுபவன், வேம்படிக்கு மட்டும் எவர் துணையுமின்றிப் போய்வந்தான். பந்தின் உயரத்தைக் கயிற்றில் கூட்டிக் குறைக்க அவன் விரல்கள் மறக்கவில்லை. அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சாள், அவருக்கு மிஞ்சினது உந்த ஒரு இடந்தான். அந்தப் பந்தையும் எடுத்தால் மனிசன் எங்கை போகும்?"

எடுக்காவிட்டால் பிள்ளைகள் அடிப்பார்கள். எடுத்தால் அவன் போக்கிடமற்றுப் போவான். மூன்றாவது வழியொன்று எனக்குப் புலப்படவில்லை. கழற்றச் சொன்னேன்.

முதல் நாள், பந்து தைக்கக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கழகத்தார் அவனிடம் சொன்னார்கள். நல்லெண்ணத்தில் சொன்ன பொய். அவன் அதை நம்பி, தைப்பவனைத் தேடிப் புறப்பட்டுவிட்டான். இருட்டுவதற்குச் சற்று முன்னர், பண்டத்தரிப்பில் செருப்புத் தைக்கும் கடையொன்றின் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நின்றவனை, தெரிந்தவர் ஒருவர் ஏற்றிவந்தார். கால்கள் புழுதியாயிருந்தன. "அவன் பந்தைத் தரமாட்டானாம்" என்றான். அவன் மனைவி கால்களைக் கழுவிவிட்டாள். பின்னர் என்னிடம், "இனி உள்ளதைச் சொல்லுங்கோ, மச்சாள். நீங்கள் சொன்னால்தான் கேப்பார்" என்றாள்.

மறுநாள் மாலை வேம்படிக்குப் போனேன். சிறுவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவன் வெறுங்கிளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பந்து எங்கை?"

"கழட்டியாச்சு."

"ஆரைக் கேட்டுக் கழட்டினவை?"

"நான்தான் கழட்டச் சொன்னனான்."

"உங்களுக்கென்ன விசரே? பெடியள் என்னெண்டு தலையடி பழகிறது?"

"தலைக்குக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்."

"ஆற்றை தலைக்கு?"

"உன்ரை தலைக்கு. உனக்கு மறதி வருத்தம். பந்தடிச்சதாலை வந்திருக்கலாமாம்."

அவனுடைய வலக்கை மெல்ல எழுந்து நெற்றியைத் தடவியது. அந்த மரத்தடியில் நெற்றியைத் தடவிய எவனும் கேலிக்குத் தப்பியதில்லை. அன்று எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை.

"அப்ப இந்தக் குஞ்சுகள் அடிக்கப்படாது" என்றான். "கழட்டிப்போடுங்கோ, அக்கா."

"கழட்டியாச்சு."

"நல்லது." பிள்ளைகள் பக்கம் திரும்பினான். "என்னடா வாய் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பந்தை நெஞ்சிலை வாங்கிப் பழகுங்கோ!" நிலத்தில் கிடந்த நல்ல பந்தொன்றை எடுத்துக் கையால் எறிந்தான். ஒரு பிள்ளை அதை நெஞ்சில் வாங்கிக் காலடியில் விழுத்தினான். தம்பி அடுத்தவனை அழைத்தான். விளக்கு வைக்கும் நேரம் வரை எறிந்துகொண்டேயிருந்தான்.

அடுத்த நாள் மாலை அவன் மீண்டும் கிளையை அண்ணாந்து பார்த்தான். "அக்கா, பந்து எங்கை?" என்றான்.

அன்றிலிருந்து நான் மாலைதோறும் வேம்படிக்குப் போகிறேன். அவன் கேட்கிறான். நான் அதே சொற்களைச் சொல்கிறேன். தனக்கு நோய் என்பதை அவன் ஒவ்வொரு மாலையும் முதன்முறையாக அறிகிறான். நெற்றியைத் தடவுகிறான். பிறகு, எவரும் வற்புறுத்தாமலே, குஞ்சுகள் அடிக்கப்படாது என்று தானே தீர்ப்புச் சொல்கிறான். அந்தத் தீர்ப்பு ஒருநாளும் மாறியதில்லை. தொடக்கத்தில், வழியெல்லாம் அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். இப்போது அது தேவைப்படுவதில்லை.

நேற்று மழை தூறியது. பிள்ளைகள் வருவார்களோ என்று ஐயமாயிருந்தது. வந்திருந்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு அவன் அருகே நின்றேன். அவன் கேட்டான். சொன்னேன். அவன் நனைந்த நெற்றியைத் துடைத்துவிட்டுப் பந்தை எடுத்தான்.